ஐந்து சென்டிமீட்டர் சேகர்

புஷ்பவள்ளி கேட்டுவிட்டாள். அவள் கேட்டு சுகுமாறன் முடியாது என்று சொன்னதாக இருபத்தொரு வருடத்தில் ஒரு நாள் கூட இல்லை.

“நீதான் பொம்மை சோல்ஜர்லாம் செய்வியே சுகு. எம்புள்ள விழுந்த எடத்த எனக்கு ஒரு தடவ செஞ்சு காட்டுடா. அவன் வந்த பெட்டியத்தான் நான் பாத்தேன். எடத்தப் பாக்கல.”

மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துச் சாஆ ஊரில், தன் வீட்டுக் கூடத்தில், டயலிசிஸ் முடிந்து வந்து சாய்வு நாற்காலியில் படுத்தபடி கேட்டாள். கையில் பஞ்சு ஒட்டியிருந்தது. அறுபத்தைந்து வயதுதான். சிறுநீரகம் கெட்டு நாலு வருடம் ஆகிறது, இப்போது இருதயமும் சரியில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் வாய் மட்டும் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்து வாயேதான், ஒரு சுற்று குறையவில்லை.

“செய்றேம்மா” என்று சொல்லிவிட்டான் சுகுமாறன். அவன் நாக்கே அவனை மாட்டிவிடுவது அது முதல் தடவையும் இல்லை.

விஷயம் இதுதான். புஷ்பவள்ளியின் மகன் ராஜசேகரனும் சுகுமாறனும் ஒன்றாகப் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள், ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். 2004-ல் காட்டுப் பயிற்சியின்போது சேகர் செத்துப்போனான். எந்தப் படைப்பிரிவு, எந்தக் காடு என்பதெல்லாம் இங்கே வேண்டாம். விசாரணையில் எழுதப்பட்டது இவ்வளவுதான்: மூன்று பேர் சரிவில் இறங்கினார்கள். முன்னால் சுகுமாறன், நடுவில் கோப்ரல் வீரமுத்து, கடைசியில் சேகர். சேகர் வழுக்கி விழுந்தான். தோளில் மாட்டியிருந்த அவனுடைய சொந்த ரைபிளே முதுகுப்பக்கம் வெடித்தது. முன்னால் போனவர்கள் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அத்தனையும் புளுகு. முன்னால் போனவர் வீரமுத்து. நடுவில் சேகர். கடைசியில் வந்தவன் சுகுமாறன். ரைபிளின் பாதுகாப்பு விசையைப் போட மறந்திருந்தான் அந்த மடையன். சாய்ந்து கிடந்த மரத்தைத் தாண்டும்போது கால் இடறி, விரல் போகக் கூடாத இடத்துக்குப் போயிற்று. நாலு அடி முன்னால் நடந்துகொண்டிருந்தவனின் முதுகில் குண்டு இறங்கியது.

“செத்தவன் செத்துட்டான்லா. நீயும் சேந்து சாகணுமா? வாய மூடிக்கிட்டு நான் சொல்றத மட்டும் சொல்லு” என்றார் வீரமுத்து. இரண்டு ரைபிள்களின் தோட்டா மேகசின்களை மாற்றினார், ஆட்களின் வரிசையையும் மாற்றினார். அந்த வீரமுத்துவும் மூன்று வருடத்துக்கு முன் மாரடைப்பில் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது இந்த உலகத்தில் உண்மை தெரிந்த ஒரே ஆள் சுகுமாறன்தான். அவன் மனைவி மலருக்குக் கூடத் தெரியாது.

சரி, தப்பித்தவன் தப்பித்தபடி அந்த வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்காமல் இருந்திருக்கலாம் அல்லவா? இருக்க முடியவில்லை. முதல் மாதம் துக்கம் கேட்கப் போனான். அடுத்த மாதம் ஒழுகிய கூரையை மாற்றப் போனான். சேகரின் தங்கை வாசுகி அப்போது பதினேழு வயதுப் பெண். அவளைக் கல்லூரியில் கொண்டுபோய்ச் சேர்த்தது அவன்தான். இப்போது அவள் சாஆவிலேயே தடிக்கா என்கிற பாலர் பள்ளியில் டீச்சர், தாயும் மகளும்தான் வீட்டில். பட்டாளத்தை விட்டு வந்து செனாயில் ஒரு கிடங்கில் காவல் மேற்பார்வையாளனாகச் சேர்ந்த பிறகு, சனிக்கிழமை தவறாமல் ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டி வந்து புஷ்பவள்ளியை டயலிசிஸுக்குக் கூட்டிப் போவான். சுகுமாறனுக்கு அவனைப் பெற்றவள் முகம் ஞாபகம் இல்லை. ‘சாப்டியாடா’ என்று கேட்க அவனுக்கு இந்தப் பூமியில் இருந்த வாய் இது ஒன்றுதான். கொன்றவனே மகனாகிப் போனான். கொடுமையைப் பாருங்கள், அந்த இடம் அவனுக்குப் பிடித்தும் போயிற்று.

போன வருடம் மாரியம்மன் கோயில் திருவிழாவில், சொந்தக்காரர்கள் கூடியிருந்த இடத்தில், புஷ்பவள்ளியின் அண்ணன் மகன் ஒருவன் மெல்ல பேச்செடுத்தான். அத்தைக்கு ஒன்று ஆனால் கடைசிக் காரியம் யார் செய்வது என்று. புஷ்பவள்ளி பட்டென்று எழுந்தாள்.

“எனக்குக் கொள்ளி வைக்க சுகு இருக்கான். சேகர் எடத்துல அவன்தான். எவனும் வேட்டி கட்டிக்கிட்டு வந்து நிக்க வேணாம்.”

சுகுமாறன் தலையைக் குனிந்துகொண்டான். எவ்வளவு அடக்கமான பிள்ளை என்று கோயிலில் பேசிக்கொண்டார்கள்.

அப்படிப்பட்டவளுக்கு, அவன் அந்தக் காட்டைத் தன் கையால் செய்து காட்ட வேண்டும். சேகரின் திதிக்கு ஆறு வாரம் இருந்தது.

டயோரமா என்பார்கள் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள். ஒரு பலகையின் மேல் ஒரு காட்சியை அப்படியே சுருக்கி உட்காரவைப்பது. முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவு. முழு ஆள் ஐந்து சென்டிமீட்டர் உயரம் நிற்பான். சுகுமாறன் இந்த வேலையில் கெட்டிக்காரன். ஜொகூர் பாருவில் ஒரு பேரங்காடியில் கண்காட்சி வைத்தபோது அவனுடைய பனிக்காலப் போர்க்களத்தைச் சிங்கப்பூரிலிருந்து வந்து படம் பிடித்துக்கொண்டு போனார்கள். எத்தனையோ யுத்தங்களைச் செய்திருக்கிறான். தான் இருந்த பட்டாளத்தை மட்டும் தொட்டதில்லை. ஏன் என்று நண்பர்கள் கேட்டால், “நம்மாளுங்க கிட் கெடைக்காதுலா” என்பான்.

அது என்னவோ உண்மைதான். பெட்டியில் பாகம் பாகமாக வரும் பிளாஸ்டிக் பொம்மைகள் எல்லாம் அமெரிக்கர்களும் ஜெர்மன்காரர்களும்தான். மலேசியச் சிப்பாய் வேண்டுமென்றால் வெள்ளைக்காரனை அறுத்துத்தான் செய்ய வேண்டும். வியட்நாம் போர்க்கால அமெரிக்கர்கள் இருந்த ஒரு பெட்டியை எடுத்தான். ரைபிள் அதே எம்-16, அது வரைக்கும் சௌகரியம். மற்றதெல்லாம் வேலை. குண்டு துளைக்காத சட்டைகளைக் கத்தியால் சீவி எடுத்தான். ஹெல்மெட்டோடு தலைகளை அறுத்து, வேறு தலைகளை வைத்து, இரண்டு பாகத்தைப் பிசைந்தால் இறுகும் எபாக்ஸி மாவில் காட்டுத் தொப்பி செய்து கவிழ்த்தான். இடுப்பை அறுத்துத் திருப்பினான், முழங்காலை அறுத்து மடக்கினான். ஒவ்வொரு பாதத்திலும் ஊசித் துளை போட்டுக் கம்பி செருகினான், பலகையில் நிற்பதற்கு.

வேலை நடந்தது பின்கட்டில், சமையலறை ஜன்னலுக்குப் பக்கத்தில், பட்டப்பகலில், வெளியே பக்கத்து வீட்டு வானொலி பாடிக்கொண்டிருக்கும்போது. பயப்பட அங்கே ஒன்றும் இல்லை. ஆனாலும் முதல் தலையை அறுத்த அன்றைக்கே அவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினான்.

மூன்று பேர். அவர்களை விசாரணை ஏட்டில் இருக்கும் வரிசையில் நிறுத்துவது என்று முதல் நாளே தீர்மானித்துவிட்டான். முன்னால் தான், நடுவில் கோப்ரல், கடைசியில் சேகர், தோளில் ரைபிள். பலகையில் மூன்று பேருக்கும் துளைகளைப் போட்டு முடித்தான். போட்டது அவன் மூளை. கை வேறு மாதிரி இருந்தது. அவனுடைய உருவத்துக்கு என்று எடுத்த அமெரிக்கச் சிப்பாய், ரைபிளை இடுப்புக்கு நேராகப் பிடித்து முன்னால் நீட்டிக்கொண்டிருந்தான். அந்தக் கைகளை வெட்டி, துப்பாக்கிக் குழாய் தரையைப் பார்க்கும்படி திருப்பி ஒட்டினான். மறுநாள் காலையில் வலது கை விழுந்து கிடந்தது. சூடும் ஈரமும் இருக்கிற ஊர், பசை சில நேரம் பிடிக்காது என்று மறுபடி ஒட்டினான். மறுபடி விழுந்தது.

“உங்க பொம்மைக்குக் கை வராது போலருக்கே” என்றாள் மலர், காய்கறி நறுக்கிக்கொண்டே. “வேற ஆள மாத்துங்களேன். பெட்டியில எத்தனை பேரு சும்மா படுத்துருக்கானுங்க.”

“நீ உன் வேலையப் பாரு மலர்.”

“அலமாக், கோவத்தப் பாரு! பொம்மைக்கா இவ்ளோ கோவம்?”

மூன்றாவது தடவை தோளுக்குள் கம்பி விட்டு முறுக்கினான். அப்போதுதான் நின்றது. ஆனால் அந்தக் கம்பி விட்டதில் குழாய் கொஞ்சம் மேலே எழும்பியிருந்தது. அதைப் பார்த்தான், பார்க்காதது போல் இருந்துவிட்டான்.

காடு வேலை ஓடிற்று. டீத்தூளைக் காயவைத்துச் சருகு ஆக்கினான். செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் பிடுங்கிய சல்லிவேரைப் பெரிய மரத்தின் வேராக்கினான். சாய்ந்து கிடந்த மரத்தை மட்டும் வைக்கவில்லை. விசாரணை ஏட்டில் அப்படி ஒரு மரம் கிடையாது.

சேகரின் முகத்துக்கு வந்தபோது வேலை நின்றது. எல்லாருக்கும் தொப்பியை இறக்கி முகத்தை மறைத்துவிடலாம் என்றுதான் இருந்தான். வாசுகி வாட்சப்பில் பழைய படம் ஒன்றை அனுப்பிவைத்தாள். ‘அண்ணே, அம்மா மொகம் தெரியணும்னு சொல்றாங்க.’ பட்டாளத்தில் சேர்ந்த அன்று எடுத்த படம். பயல் சிரிக்கிறான். ஒரு நாள் முழுக்க, மூக்கில் துளி மாவு வைத்து, தாடையைச் சீவி, உதட்டைக் குண்டூசியால் கீறி, உருப்பெருக்கிக் கண்ணாடிக்குக் கீழே சேகரைக் கொண்டுவந்தான். கண் எழுதும்போது தூரிகை ஒரு முடி அளவு பிசகியது. சேகரின் விழிகள் இரண்டும் ஓரத்துக்குப் போய்விட்டன, பின்னால் யாரோ வரும் சத்தம் கேட்டவனைப் போல. அழித்துவிட்டு மறுபடி எழுதினான். மறுபடியும் அப்படியே. சுகுமாறன் எழுந்துபோய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டான். கை நடுக்கம், வேறொன்றும் இல்லை என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டான்.

திதிக்கு ஒரு வாரம் இருக்கும்போது புஷ்பவள்ளி போன் செய்தாள்.

“டவல மறந்துறாதடா.”

“எந்த டவல்மா?”

“என்னடா இப்படிக் கேக்கற? குட்மார்னிங்னு சிவப்பா எழுதியிருக்குமே, அந்த வெள்ள டவல்தான். நான் வாங்கிக் குடுத்தது. நீதான சொன்னே, தலைதெவசத்தன்னிக்கு. காலையில தொவைச்சிட்டு, காயட்டும்னு முதுகுப் பைக்குப் பின்னால தொங்க விட்டிருந்தான், அது ஆடிக்கிட்டே போச்சு, அதப் பாத்துக்கிட்டே நடந்தோம்னு. அத வச்சுத்தான்டா நான் இத்தன வருஷமா தூங்குறேன். கண்ண மூடுனா எம்புள்ள அந்த டவலோட நடந்து போறான்.”

“சரிம்மா, வச்சிர்றேன்.”

அன்றைக்கு அவனுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. கைவேலைக்காரன் புத்தி அப்படித்தான். ஒரு துண்டுத் துணி செய்யச் சொன்னால் எப்படிச் செய்வது என்றுதான் யோசிக்கும், எதற்கு என்று யோசிக்காது. மெல்லிய தாளைப் பசைத் தண்ணீரில் நனைத்து, நகம் அளவு வெட்டி, சேகரின் முதுகுப் பையில் மடிப்பு விழும்படி தொங்கவிட்டான். வெள்ளை பூசினான். ஒற்றை முடித் தூரிகையால் சிவப்பு எழுத்தையும் எழுதினான். அத்தனை சின்ன எழுத்தை அவன் அதுவரை எழுதியதே இல்லை. உண்மையைச் சொன்னால் அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. மலரைக் கூப்பிட்டுக் காட்டினான். “ஐயோ, அப்படியே இருக்குங்க” என்றாள் அவள்.

சனிக்கிழமை திதி. டயலிசிஸை வெள்ளிக்கே மாற்றி வைத்திருந்தார்கள். சொந்தக்காரர்கள் மதியத்துக்கு மேல்தான் வருவார்கள். மலருக்கு வேலை, வரவில்லை. சுகுமாறன் பலகையைக் காரின் முன் இருக்கையில் வைத்து, பெல்ட் போட்டு, செனாயிலிருந்து மெதுவாக ஓட்டி வந்தான். பத்தரை மணிக்கு வீட்டுக்குள் கொண்டுபோய் மேசையில் வைத்து மேல்துணியை எடுத்தான்.

வாசுகி “அண்ணே...” என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “அம்மா, அண்ணன் மொகம் பாருங்கம்மா. அப்படியே அண்ணன்மா.”

புஷ்பவள்ளி அழவில்லை. நாற்காலியை இழுத்துப் போடச் சொல்லி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேசைக்கு நேராக உட்கார்ந்தாள். பார்த்தாள், பார்த்தாள், அப்படிப் பார்த்தாள். சமையலறையில் குழம்பு கொதிக்கும் சத்தம் கேட்டது. வாசுகி போய் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்தாள். அப்போதும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது யாரு?”

“கோப்ரல் வீரமுத்தும்மா.”

“முன்னால போறது?”

“நான்.”

“இவன்தான் எம்புள்ள.” விரலால் தொட்டாள், தொப்பியின் மேல், குஞ்சுக் கோழியைத் தொடுவது போல. பிறகு பலகையைப் பிடித்துத் திருப்பினாள். சேகரின் முதுகு அவள் பக்கம் வந்தது. டவல் தெரிந்தது. “நல்லாச் செஞ்சிருக்கடா. எழுத்துகூட இருக்கு.”

“ஆமாம்மா.”

“சரி. நீ முன்னால நிக்கற. நடுவுல அந்தக் கோப்ரல் நிக்கறாரு, பனைமரம் மாதிரி. எம்புள்ள கடைசியில வர்றான். டவல் அவன் முதுகுல கெடக்கு.” அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். “நீ எப்படிடா அதப் பாத்துக்கிட்டே நடந்தே?”

சுகுமாறன் மேல்துணியை எடுத்து மடித்தான்.

“திரும்பித் திரும்பிப் பாத்தேம்மா.”

“திரும்பிப் பாத்தா மூஞ்சி தெரியும். முதுகு எப்படித் தெரியும்?”

வாசுகி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “என்னம்மா இது, திதியும் அதுவுமா அண்ணனப் போட்டுக் கேள்வி கேட்டுக்கிட்டு...”

“நீ சும்மா இரு. அவன் சொல்லட்டும்.”

தப்பிக்க வழி இருந்தது. ஒரே ஒரு வழி, அதுவும் சுலபமான வழி. ‘டவல் கதையே பொய்யும்மா, உங்களுக்கு ஆறுதலா இருக்கட்டும்னு நானா சொன்னேன்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் அடங்கிவிடும். அவள் ரெண்டு திட்டு திட்டுவாள், சரி. கொள்ளி வைக்கும் உரிமை, அந்த வீட்டில் மகனுடைய இடம், எல்லாம் இருக்கிறபடியே இருக்கும். சுகுமாறன் வாயைத் திறந்தான். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

ஆனால் கண்ணை மூடினால் அவளுக்குத் தெரிகிற பிள்ளை அந்த டவல்தான். அவள் மகனை ஒரு தடவை எடுத்தாயிற்று. இதைச் சொன்னால் மிச்சம் இருப்பதையும் எடுத்ததாகும். அவன் வாயை மூடிக்கொண்டான்.

புஷ்பவள்ளி பலகையை அவன் பக்கம் தள்ளினாள்.

“எடு. நீ நின்ன எடத்துல வை.”

“அம்மா...”

“வாயால சொல்ல வேணாம். வாய்ல நீ சொன்னதெல்லாம் போதும். கையால வச்சுக் காட்டு.”

அவன் முன்னால் நின்ற உருவத்தைப் பிடித்து இழுத்தான். நல்ல பசை போட்டிருந்தான், வரவில்லை. முறுக்கினான். கணுக்காலோடு உடைந்து, ஒரு பாதம் பலகையிலேயே நின்றுவிட்டது. ஒரு பாதம் இல்லாத அந்த உருவத்தை எடுத்துக்கொண்டு, சேகருக்குப் பின்னால், டவலுக்கு நேராக, டீத்தூள் சருகில் அழுத்தி நிறுத்தினான். நின்றது. குழாய் கொஞ்சம் மேலே எழும்பியிருந்தது அல்லவா? அது போய்ச் சேர்ந்த இடத்தைப் பார்த்து வாசுகி “ஐயோ” என்றாள். சத்தமாகக்கூட இல்லை.

அவன் முழங்காலிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்தானா விழுந்தானா என்று அவனுக்கே தெரியாது.

“வேணும்னா செஞ்சே?” என்றாள் புஷ்பவள்ளி.

“இல்லம்மா. சத்தியமா இல்லம்மா. கால் தடுக்கி...”

“திரும்பிப் பாத்தானா?”

“பாத்தாம்மா.”

“நீன்னு அவனுக்குத் தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுதும்மா.”

புஷ்பவள்ளி தலையாட்டினாள். இருபத்தொரு வருடமாக அழுது தீர்த்த கண், அதில் வருவதற்கு ஒன்றும் மிச்சம் இல்லையோ என்னவோ. வாசுகிதான் பொங்கினாள்.

“எங்க வீட்டுச் சோத்தத் தின்னுக்கிட்டு! என்னைக் கூட்டிக்கிட்டுப் போயி காலேஜில சேத்தீங்களே, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சேத்தீங்க? அண்ணே அண்ணேன்னு கூப்பிட்டேனே உங்கள! எழுந்திருச்சு வெளிய போங்க. இப்பவே போங்க!”

அவன் எழுந்தான். போவதற்குத்தான் எழுந்தான். பாரம் இறங்கியதைப் போலக்கூட ஒரு நொடி இருந்தது. “நான் போலீஸ்ல போய்ச் சொல்லிர்றேம்மா” என்றான்.

“சொல்லி?”

“என்ன தண்டனை குடுத்தாலும்...”

“அவங்க உன்னக் கூட்டிக்கிட்டுப் போயிருவாங்க. அப்புறம் எனக்கு யாரு இருக்கா?” புஷ்பவள்ளி கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள். குரல் ஏறவே இல்லை. “கேட்டுக்கோ சுகு. நான் கண்ண மூடுற அன்னிக்கு நீதான் வரணும். மொட்ட போட்டு, கொடம் தூக்கி, கொள்ளி வைக்கணும். வைக்கும்போது என் மூஞ்சிய நல்லாப் பாக்கணும். ஓடிறலாம்னு நெனைக்காத. எனக்கு முன்னாடி செத்துறலாம்னும் நெனைக்காத, அதுக்கும் உனக்கு உத்தரவு இல்ல. நான் போன பிறகு எனக்கும் அவனுக்கும் சேத்து வருஷா வருஷம் திதி குடுக்கணும். சனிக்கெழம எப்பவும் போல வரணும். எம்புள்ள இருந்தா வருவானா மாட்டானா?”

“வருவாம்மா.”

“அப்ப நீ வா.”

துரத்தியிருந்தால் பிழைத்திருப்பான். அவளுக்கு அது தெரிந்திருந்தது.

“அம்மா, என்னம்மா பேசறீங்க? இவர இன்னும் வீட்டுக்குள்ள விடுவீங்களா?” வாசுகி அழுதுகொண்டே கத்தினாள்.

“மத்தியானம் ஆளுங்க வருவாங்க. ஒரு வார்த்த வெளிய போகக் கூடாது வாசுகி. போய் எலையப் போடு. மணியாச்சு.”

சேகரின் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை விரிந்தது. சோறு, ஆட்டுக்கறிப் பிரட்டல், முட்டை, அவனுக்குப் பிடித்த மொச்சைக் குழம்பு எல்லாம் வந்தன. வாசுகி ஒவ்வொன்றையும் கொட்டுகிறாளா வைக்கிறாளா என்று தெரியாமல் வைத்தாள். சூடம் கொளுத்தினார்கள். புஷ்பவள்ளி படத்தைக் கும்பிட்டாள், காக்கைக்கு ஒரு பிடி எடுத்துவைக்கச் சொன்னாள். சுகுமாறன் கதவோரம் நின்றிருந்தான்.

அந்த வீட்டு வழக்கம், செத்தவனுக்குப் படைத்த இலையில் அவன் இடத்து ஆள் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இருபது வருடமாக அதில் உட்கார்ந்தவன் சுகுமாறன்தான். இன்றைக்கு அவன் நகரவில்லை.

“என்ன நிக்கற? வந்து உக்காரு.”

“என்னால முடியாதும்மா.”

முதல் தடவையாக அவளிடம் முடியாது என்று சொன்னான். புஷ்பவள்ளி அது காதில் விழாதவளைப் போல நாற்காலியை இழுத்து, இலைக்கு எதிரில் போட்டு, அதில் உட்கார்ந்தாள்.

“எம்புள்ள எல ஆறிப்போகுது. உக்காரு.”

உட்கார்ந்தான். சோற்றைப் பிசைந்தான். முதல் கவளத்தைத் தண்ணீர் குடித்து இறக்கினான். அவள் இமை கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது, மூன்றாவது என்று உள்ளே போயிற்று. கண்ணீர் இலையில் விழுந்தது, அதையும் சேர்த்துத் தின்றான். கடைசிப் பருக்கை வரைக்கும் வழித்து முடித்து, இலையை மூடக் கையை வைத்தான்.

“மூடாத” என்றாள் புஷ்பவள்ளி. பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, “வாசுகி, அண்ணனுக்கு இன்னும் சோறு போடு” என்றாள்.